யசோதைக்குக் கறுப்புக் கண்ணாடி

எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் கல்கத்தாவுக்கு ஒரு கண்நோய் வந்தது பாருங்கள், அடடா! காலையில் எழுந்தால் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் விட்டுப் பிரித்தால் உள்ளே செம்பருத்திப் பூ. எல்லைக்கு அப்பால் வங்க விடுதலைச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். தெருவெல்லாம் 'ஜெய் பங்களா' கோஷம். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரையே நோய்க்கும் சூட்டிவிட்டார்கள். "உங்காத்துல ஜெய் பங்களா வந்தாச்சோ?" என்று லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே விசாரித்துக்கொண்டார்கள். டிராம் கண்டக்டர் கறுப்புக் கண்ணாடி, மீன்காரர் கறுப்புக் கண்ணாடி, கல்யாண மாப்பிள்ளையும் கறுப்புக் கண்ணாடி.

இப்படி ஊரே சினிமா நட்சத்திரம் மாதிரி உலாவிக்கொண்டிருந்தபோதுதான், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கமிட்டி கூடியது. காரியதரிசி வெங்கடசுப்ரமணியன். அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட். மனிதர் தங்கமானவர்தான், ஆனால் விதி ஒன்று போட்டுவிட்டால் அதற்காகத் தலையைக் கூடக் கொடுத்துவிடுவார். பிறத்தியார் தலையையும் சேர்த்து.

"நாளையிலேர்ந்து பள்ளிக்கூட வாசப்படியைத் தாண்டறவா யாராயிருந்தாலும் கறுப்புக் கண்ணாடி போட்டுண்டுதான் வரணும்" என்று தீர்மானத்தை வாசித்தார். "சிவந்த கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கும் இது. நானே எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்."

"அத்தனை பேரைப் பார்த்தேளே மாமா, உங்களுக்கு ஏன் ஒட்டிக்கலே?"

கேட்டது ஜெயலக்ஷ்மி. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குக் காசு வாங்காமல் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள்.

"நான் கண்ணாடி போட்டுண்டுன்னா பார்த்தேன்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. ஜெயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அவள் கவலை அவளுக்கு. ஆண்டு விழாவில் கண்ணன் மண் தின்ற கதையை நாட்டியமாகப் போடப்போகிறாள். யசோதை, அவள் பெண் அலமு. கண்ணன் வாயைத் திறந்து காட்டுவான்; யசோதை உள்ளே எட்டிப் பார்ப்பாள்; ஈரேழு பதினாலு லோகமும் தெரியும். அந்த இடத்தில் கால் கிடையாது, கை கிடையாது. கண் ஒன்றுதான். அலமு வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண். தெரிந்தவர்களைக் கண்டால்கூடக் கதவுக்குப் பின்னால் போய்விடும். பொம்மையோடு மட்டும் வங்காளியில் பேசும். போன வருஷ நாடகத்தில் அது மரம். சாயம் பூசிய அட்டைக்குப் பின்னால் அசையாமல் நின்றது. அந்தக் குழந்தைக்கு இப்படி ஒரு கண் இருக்கிறது என்று பெற்றவளே இந்த வருஷம்தான் கண்டுபிடித்தாள். நிலைக்கண்ணாடி முன் நின்று அது விழி விரித்துப் பழகுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயலக்ஷ்மி கைவேலையை மறந்து நின்றுவிடுவாள். அந்தக் கண் மேல் கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதாவது!

"கண்ணை மூடிண்டு நாட்டியம் எப்படி மாமா ஆடறது? அதுக்கு முகத்துக்கு முறத்தைக் கட்டிண்டு ஆடலாமே!"

"ஏங்க, கரும்பலகையே கறுப்பு" என்றார் மளிகைக்கடை ஏழுமலை. அவர் பெண் சரோஜாவும் நாட்டியத்தில் ஒரு கோபிகை. "அதைக் கறுப்புக் கண்ணாடியில பார்த்தா புள்ளைங்க என்னாத்தப் படிக்கும்?"

"படிக்கறதுக்குக் கண்ணு வேணாமா? கண்ணைக் காப்பாத்தத்தானே ஓய் விதி!" என்றார் காரியதரிசி.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்சி, ஒரு பக்கம் கண் கட்சி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்த மாமிகள் எழுந்து வேறு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள், யாரோ ஜனநாயகம் என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது ஜெயலக்ஷ்மியின் அகமுடையான் பார்த்தசாரதியின் பாடுதான் பரிதாபம். வெங்கடசுப்ரமணியனின் ஆபீஸில், அவருக்குக் கீழேதான் இவருக்கு உத்தியோகம். கண்ணாடிக்காகப் பாதிக் கை தூக்கினார்.

"ஏன்னா, அது என்ன பாதிக் கை?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"தோள்பட்டை பிடிச்சுண்டிருக்குடீ" என்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. வகுப்பில் எல்லாருக்கும் கண்ணாடி. நாட்டியமாடும் எட்டுப் பெண்களுக்கும் ஒத்திகையிலும் மேடையிலும் விலக்கு. ஆனால் எட்டுப் பேரில் ஒரு கண் சிவந்தாலும் எட்டுப் பேரும் கண்ணாடியோடுதான் மேடையேற வேண்டும். "சரி மாமா, பார்த்துடலாம்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

மறுநாள் முதல் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒண்ணாம் கிளாஸ் சுவரில் போய் முட்டிக்கொண்டது. கணக்கு டீச்சர் கரும்பலகை என்று நினைத்து ஜன்னல் கதவில் எழுதினார். எவன் தூங்குகிறான், எவன் எட்டிப் பார்த்து எழுதுகிறான் என்று எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். வெங்கடசுப்ரமணியன் ஆபீஸ் போகுமுன் வாசலில் நின்று ஒவ்வொரு கண்ணாடியாகச் சோதித்தார். சில பேர் சாயக் காகிதம் ஒட்டிய போலிக் கண்ணாடி போட்டு ஏமாற்றுகிறார்களாம். அதனால் குழந்தையின் மூக்கிலிருந்து கழற்றித் தம் மூக்கில் மாட்டி, சூரியனைப் பார்த்து, "ம், போ" என்பார். அடுத்த குழந்தை. அடுத்த கண்ணாடி. அதுவும் அவர் மூக்குக்குத்தான்.

ஜெயலக்ஷ்மி மட்டும் சும்மா இருப்பாளா? நந்தியாவட்டைச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரி திரித்து, விளக்கெண்ணெய் விட்டு எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து மை செய்தாள். அவள் அம்மா செய்கிற மை. கண்ணுக்குக் குளிர்ச்சி, சிவப்பு கிட்டவே வராது. தினமும் ஒத்திகை முடிந்ததும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, ஒரு டப்பாவில் ஒரே விரலை விட்டு விட்டு எடுத்து, ஒவ்வொரு கண்ணிலும் இழுத்துவிட்டாள். முதலில் சரோஜா, கடைசியில் அலமு. விரலில் மிச்சம் இருப்பதைத் தன் கண்ணில் தடவிக்கொள்வாள்.

ராஜத்துக்கு மட்டும் மை கிடையாது. ராஜம் வெங்கடசுப்ரமணியனின் பெண்; நாட்டியத்தில் அவள்தான் கண்ணன். அப்பா பேச்சைத் தட்டாமல் ஒத்திகைக்கும் கண்ணாடியோடு வந்து நின்றது அது. "கண்ணாடி போட்டுண்டிருக்கிறவாளுக்கு மை எதுக்கு? உங்கப்பாவையே வந்து வைக்கச் சொல்லு" என்று ஜெயலக்ஷ்மி வெடுக்கென்று சொல்லிவிட்டாள். குழந்தையின் முகம் சுண்டிப் போயிற்று. அதைப் பார்த்து ஜெயலக்ஷ்மிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே!

ஒருநாள் சரோஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"தூசி விழுந்துடுச்சு மாமி."

"தூசியா? வா, ரெண்டு இழுப்பு கூட இழுத்துடறேன்."

இழுத்தாள். விழா நெருங்க நெருங்க, கோபிகைகள் ஒவ்வொருவராகச் சிவந்தார்கள். விழாவன்று காலை அலமு இமை ஒட்டிக்கொண்டு எழுந்தாள். பல் தேய்க்கப் போன ஜெயலக்ஷ்மி, கொல்லைக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்து "ஐயையோ" என்று அலறினாள்.

அலமு அழக்கூட இல்லை. பாவாடையின் ஜரிகையைத் திருகிக்கொண்டே, "அம்மா, நான் மரமாவே நின்னுடறேனே" என்றது. ஜெயலக்ஷ்மி கசங்கிய ஜரிகையை நீவி நீவி விட்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் அலங்காரம் நடந்தது. சுவரோரம் ஏழு பெண்கள் கறுப்புக் கண்ணாடியோடு. அவர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மியும் கறுப்புக் கண்ணாடியோடு. ராஜம் மட்டும் கண் பளபளவென்று மயில் பீலி சூடி நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெங்கடசுப்ரமணியன் கறுப்புக் கண்ணாடியும் தாமுமாக நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்தார். பின்னாலேயே தாய்மார்கள் எல்லாரும், அவர்களோடு ஏழுமலையும்.

"பார்த்தேளா? எட்டுப் பேர்ல ஒத்திகையிலயும் கண்ணாடியைக் கழட்டாதவ இவ ஒருத்திதான். இவ ஒருத்திக்குத்தான் ஒண்ணும் வரலே. இதுக்கு மேல என்ன ருசு வேணும்?" என்றார். பிறகு, ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராள குணத்தோடு குரலைத் தணித்துக்கொண்டார். "போனது போகட்டும்மா ஜெயலக்ஷ்மி. யசோதைக்குக் கண்ணு வேணும்னு நீதானே சொன்னே? ராஜமே யசோதையா ஆடட்டும். விதியை நானே தளர்த்தறேன். உன் கையால அவளுக்கு நன்னா மை வச்சு விடு."

தாய்மார்கள் தலையாட்டினார்கள். ராஜம் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்து நின்று, தாடையைத் தூக்கிக் காட்டியது. எத்தனை நாளாக ஏங்கியதோ அந்த மைக்கு!

ஜெயலக்ஷ்மி டப்பாவைத் திறந்தாள். விரலை விட்டாள். ராஜத்தின் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாள். பால் மாதிரி வெள்ளை விழி. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவள் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏழு பேருக்கு மை வைத்தேன், ஏழு பேருக்கும் சிவந்தது. எந்த வரிசையில் வைத்தேனோ அதே வரிசையில் சிவந்தது. முதலில் சரோஜா, கடைசியில் அலமு, அப்புறம் நான். வைக்காதவள் இவள் ஒருத்தி.

அடி பாவி, ஊருக்கெல்லாம் நானேதான் விரலால் தொட்டு வைத்தேனா!

பேசாமல் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம். நாளைக்கோ மறுநாளோ சிவந்தால் யார் கேட்கப் போகிறார்கள், ஊரே சிவந்து கிடக்கிறது. சொன்னாலோ, இத்தனை தாய்மார்களும் மென்று துப்பிவிடுவார்கள். அலமுவைப் பார்த்தாள். அது கறுப்புக் கண்ணாடி வழியாக அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயலக்ஷ்மி ஜன்னலண்டை போனாள். டப்பாவைச் சாக்கடையில் வீசினாள்.

"என்ன காரியம் பண்றே?" என்று பதறினார் வெங்கடசுப்ரமணியன்.

"எல்லாரும் என்னைத் திட்டிக்கோங்கோ. கண்நோயைப் பரப்பினது நான்தான். ஒரே டப்பா, ஒரே விரல். சரோஜா கண்ணுல இருந்ததை எடுத்து எல்லார் கண்ணுலயும் வச்சேன். ராஜத்தைக் காப்பாத்தினது கண்ணாடி இல்லே மாமா, என் கோபம். அவ கண்ணாடி போட்டுண்டு வந்தான்னு கோவிச்சுண்டு மை வைக்கலே. அதான் தப்பிச்சா."

ஏழுமலை சரோஜாவின் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப எம் பொண்ணு கண்ணுல விழுந்தது தூசி இல்லீங்களா?" என்றார் ஏழுமலை மெதுவாக. உடனே ஆளுக்கு ஒரு பக்கம் கத்தத் தொடங்கினார்கள். ஜெயலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அபத்தம்! கண்ணாடி போட்டா வராது. என்னையே எடுத்துக்கோ, போட்ட கண்ணாடியைக் கழட்டினதே இல்லே" என்று முழங்கினார் வெங்கடசுப்ரமணியன்.

"அப்பா, உங்களுக்குந்தான் சிவந்திருக்கே?" என்றது ராஜம். "அம்மா தெனம் மருந்து விடறாளே!"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஏழுமலை மரியாதையாகக் கையை நீட்டினார். "கொஞ்சம் கழட்டுங்க சார். விதி எல்லாருக்கும் பொதுவில்லீங்களா?"

கழற்றினார். நன்றாகப் பழுத்த இரண்டு தக்காளி!

ஜெயலக்ஷ்மிக்கு வாசலில் அவர் மூக்கில் ஏறி இறங்கிய கண்ணாடிகள் ஞாபகம் வந்தன. "மாமா, ஒவ்வொரு கொழந்தை கண்ணாடியையும் நீங்க மாட்டி மாட்டிப் பார்த்தேளே..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுகைக்கென்று திறந்த வாயிலிருந்து சிரிப்பு பீறிட்டது. அடுத்தது ஏழுமலை. அப்புறம் திட்டிக்கொண்டிருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராக. வெங்கடசுப்ரமணியன் விறைப்பாக நின்று பார்த்தார், மீசை துடித்தது, கடைசியில் அவரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"எனக்கு யசோதை ஆடத் தெரியாது, வாயைத் திறக்கத்தான் தெரியும்" என்று ராஜம் சொல்லிவிட்டதால் அலமுவே யசோதையாக நின்றாள். விதிப்படி எட்டுப் பேருக்கும் கறுப்புக் கண்ணாடி.

திரை விலகியது. மயில் பீலிக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட கண்ணன் வந்ததும் கூடத்தில் ஒரே விசில். கறுப்புக் கண்ணாடி போட்ட கோபிகைகள் வெண்ணெய்ப் பானையைத் தேடித் தடவியபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத் திரையோரம் ஜெயலக்ஷ்மியும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள், அலமு மேடைக்கு வரும் வரைக்கும்.

யசோதை கண்ணனை மிரட்டினாள். சிரிப்பு. வாயைத் திற என்று அபிநயம் பிடித்தாள். இன்னும் சிரிப்பு. ராஜம் ஆவென்று வாயைத் திறந்தது. அலமு குனிந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். சிரிப்பு அலை அலையாக அந்தக் குழந்தை மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. போச்சு, மரமாகிவிட்டது என்று ஜெயலக்ஷ்மி கையைப் பிசைந்தாள்.

அலமு மெல்லக் கையைத் தூக்கினாள். கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வீங்கி, சிவந்து, நீர் வழிகிற அந்த இரண்டு கண்ணையும் கண்ணனின் வாய்க்கு நேரே விரித்தாள், விரித்துக்கொண்டே போனாள். பதினாலு லோகத்தையும் அந்தக் கண் ஒவ்வொன்றாகப் பார்த்தது. கடைசி வரிசையில் சிரித்தவன் வரைக்கும் வாயடைத்துப் போனார்கள். முன்வரிசையில் வெங்கடசுப்ரமணியன் விருட்டென்று எழுந்தார். விதியைச் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், தம் கண்ணாடியைக் கழற்றினார். நன்றாகப் பார்த்தார். உட்கார்ந்தார்.

ஜெயலக்ஷ்மியின் கண்ணாடிக்குள் வெள்ளமாகக் கொட்டியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துடைத்துக்கொள்ள முந்தானையோடு கையைக் கொண்டுபோனாள். பார்த்தசாரதி பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பாதிக் கை இல்லை, முழுக் கை.

"கண்ணுல கையை வைக்காதேடீ."

வைக்கவில்லை. கன்னத்தில் வழிந்தது வழியட்டும் என்று விட்டுவிட்டு, தன் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.