மார்லாவை யாரும் கூப்பிடவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கம்பிவேலி ஓரத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நான் வாழும் ஊரில் கோடை வந்துவிட்டால் வியாழக்கிழமை மாலைகளில் ஆலைகளுக்கிடையே சாஃப்ட்பால் என்ற மட்டைப்பந்து ஆட்டம் நடக்கும். அன்று ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி மட்டும் வேலியில் பந்தை எறிந்து, தானே போய்ப் பொறுக்கி, மறுபடி எறிந்துகொண்டிருந்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம், அவள் பெயர் உட்பட, நான் கட்டியது.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

மார்லா தனிமையானவள். (இல்லை. தனிமை அவள் குணமல்ல, பிறர் அவளுக்குச் செய்தது.)

சீஸ் ஆலையில் மார்லா செய்த துரோகம் (இது அவளோடு வேலை செய்தவர்களுடைய சொல். நான் எழுதினால் நானும் அவர்கள் கட்சி.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். வேலை வேகமாக ஓடட்டும் என்று, சீஸ் வெட்டும் கத்தியின் காப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மார்லா மேற்பார்வையாளரிடம் சொன்னாள். தலையாட்டினார். மறுபடி சொன்னாள். மறுபடியும் தலையாட்டினார். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். அதிகாரிகள் வந்து ஆலையைப் பூட்டினார்கள். திறக்கும்வரை யாருக்கும் சம்பளமில்லை. திறந்த பிறகு, மதியச் சாப்பாட்டில் மார்லா உட்கார்ந்த மேஜைக்கு யாரும் வரவில்லை.

வேறு வேலை தேடலாமே என்று அவள் தங்கை சொன்னாள். "நான் ஏன் போகணும்?" என்றாள் மார்லா.

3

ஆலையின் அணி ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது. பெண்கள் குறைந்தால் ஆடாமலே தோல்வி. ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள் என்று காதில் விழுந்ததும், மார்லா நேராகப் போய் ராய்ஸின் சரக்குவண்டிக்கு முன்னால் நின்றாள். அவன்தான் அணித்தலைவன்.

"ஒரு பொம்பளை ஆள் குறையுதாமே. நான் வரேன்."

அவன் வண்டியை அணைக்கவில்லை. "ஆடியிருக்கியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"ஆள் வேணுமா வேணாமா, அதைச் சொல்லு."

"நம்ம பசங்களுக்கு உன்னைப் பிடிக்காது, மார்லா."

"என்னைப் பிடிக்க வேண்டாம். பந்தைப் பிடிச்சா போதும்."

(முதல் வரைவில் ராய்ஸை முரடனாக எழுதியிருந்தேன். ஒட்டவில்லை. ஆலை பூட்டிக்கிடந்தபோது அவன் மகளுடைய பல் வைத்தியம் பாதியில் நின்றது. அவன் கோபத்துக்கும் ஒரு வாய் இருக்கிறது. அதை நான் பொத்த முடியாது.)

4

பந்து அதிகம் வராத வலது ஓரத்தில் அவளை நிறுத்தினார்கள். வந்த ஒன்றையும் நழுவவிட்டாள். மற்றவர்கள் நழுவவிட்டால் கேலி பறக்கும். அவளை ஒருவரும் திட்டக்கூட இல்லை. திட்டுவதற்கும் ஓர் உறவு வேண்டுமே.*

மறுவாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். அதற்கு மறுவாரமும்.

* இந்த வரியில் கதையை முடித்துவிட நினைத்தேன். அழகாக இருந்தது. ஆனால் மார்லா இன்னும் மட்டையே பிடிக்கவில்லை.

5

கடைசி ஆட்டம், கடைசி வாய்ப்பு, மட்டை மார்லா கையில். இங்கே பந்தை வேலிக்கு மேல் பறக்கவிட எனக்கு ஆசைதான். எழுதியும் பார்த்தேன். மார்லாவே நம்பமாட்டாள்.

பந்து மட்டையின் நுனியில் பட்டு மண்ணில் உருண்டது. பந்து போய்ச் சேருமுன் முதல் தளத்தைத் தொட வேண்டும்; அவள் ஓடினாள். தளத்தருகே கால் இடறி, முழங்கால் தேய விழுந்து, கையை நீட்டித் தளத்தைத் தொட்டாள்.

"அவுட்," என்றார் நடுவர். ஆட்டம் முடிந்தது.

மார்லா எழுந்தாள். முழங்காலில் ரத்தம். "என் கைதான் முதல்ல பட்டுது."

"பந்து முதல்ல வந்துடுச்சும்மா."

"நீங்க அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தீங்க. நான் பார்த்தேன்."

அணி மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது ராய்ஸின் குரல் வந்தது: "ஐயா, பார்த்து. இந்தம்மா எழுதிப் போட்டா உங்க மைதானத்தையே பூட்டிருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குத்தலா, சமாதானமா? எனக்குத் தெரியவில்லை. ராய்ஸுக்கும் தெரிந்திருக்காது.

(பழைய வரைவில் மார்லாவும் சிரித்தாள். அடித்துவிட்டேன்.)

"மூடியில்லாத கத்தி இங்க இருந்தா, இங்கயும் எழுதுவேன்," என்றாள்.

சிரிப்பு நின்றது. நடுவர் முடிவை மாற்றவில்லை. ராய்ஸ் தன் பையிலிருந்து துணியைத் தேடி எடுத்து நீட்டினான். "ரத்தத்தைத் துடை. அடுத்த வருஷம் மட்டையைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடி."

6

ஆட்டம் முடிந்தால் அணி ஏரிக்கரை மதுக்கடைக்குப் போவது வழக்கம். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மார்லாவை யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் கடைக்குள் என்ன நடந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. நீண்ட பெஞ்சில் யாராவது நகர்ந்து இடம் விட்டிருக்கலாம். எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் இருந்திருக்கலாம். ராய்ஸ் ஒரு பீரை அவள் பக்கம் தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருந்திருக்கலாம். உங்களுக்கு மனிதர்களைப் பற்றி என்ன தெரியுமோ அதை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. வீட்டுக்கு இடப்பக்கம், ஏரிக்கரைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். மார்லா வண்டியை வலப்பக்கம் திருப்பினாள்.