ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

மூத்தவர் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவர்கூடச் சொந்தமில்லை.

"இது வீடு. கண்காட்சி இல்ல," என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தார்.

சின்ன மருமகள் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்த அத்தை அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"அந்த வீடியோதான் எங்கம்மாவக் கொன்னுடுச்சு," என்று மூத்தவர் போனில் யாரிடமோ சொன்னார். கொன்றது எழுபத்தெட்டு வயதும் ஓடிக் களைத்த இதயமும். ஆனால் கம்பெனி மேனேஜரான அவர் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்துப் போட அத்தை பென்ஷன் ஆபீசுக்குப் போனாள். மூன்று மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்ததும் உள்ளே இருந்தவர் சாப்பாட்டு நேரம் என்று கண்ணாடி ஜன்னலைச் சாத்தினார். அத்தை பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து, அந்தக் கண்ணாடியிலேயே டொக் டொக்கென்று தட்டி உடைத்தாள்.

"நீ நிதானமா சாப்பிட்டு வா ராசா. அதுவரைக்கும் உசுரோட இருக்கப் பாக்கறேன்."

ஐம்பத்திரண்டு நொடி வீடியோ. பாட்டில்லை, ஆட்டமில்லை, ஒரு பூனைகூட இல்லை. நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். இது ஏன் இப்படிப் பரவியது என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எதற்கு அவ்வளவு மெனக்கெடல்? முகத்துக்கு நேரே ஜன்னல் சாத்தப்படாதவர் யார்? மூடிய கவுண்டர்களில் எல்லாம் ஜனங்கள் முட்டை தட்ட ஆரம்பித்தார்கள். மூத்தவரின் ஆபீஸ் மேஜையிலும் ஒருநாள் ஓர் அவித்த முட்டை இருந்தது. அந்த வீடியோ என்றாலே அவருக்கு ஆகாமல் போனது அன்றிலிருந்துதான்.

எடுத்தது யார் என்று மட்டும் தெரியவில்லை. படத்தின் ஓரத்தை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது, அவ்வளவுதான். அதற்குச் சொந்தக்காரி வாயைத் திறக்கவில்லை. மூத்தவர் பேரில் இருக்கும் வீட்டில் குடியிருப்பவள் எப்படித் திறப்பாள்? அவள் புருஷனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு பத்திரமாக இருக்கும்.

கேட்டுக்கு வெளியே கைத்தடியோடு நின்ற ஒரு கிழவி குரல் கொடுத்தாள். "ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிடறோம் தம்பி."

"இன்னும் என்ன பாக்கணும்? சிரிச்சது போதாதா?" மூத்தவர் வாசலுக்குப் பாய்ந்தார். "அந்த வீடியோ எடுத்த பொறுக்கி மட்டும் என் கையில கெடச்சான்..."

சின்ன மருமகள் எழுந்தாள்.

"பொறுக்கி இல்ல மாமா. நான்தான்."

மூத்தவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார்.

"என்ன சொன்ன?"

"அந்தக் கட்டைவிரல் என்னோடது."

"எங்கம்மாவ ஊரே பாத்து சிரிக்க வெச்சது நீயா?"

"ஊர் அத்தையப் பாத்து சிரிக்கல மாமா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரப் பாத்துச் சிரிச்சுது. எடுன்னு சொன்னதும் அத்தைதான், போடுன்னு சொன்னதும் அத்தைதான். தெனம் நீங்க ஆபீஸ் கெளம்பினதும், இன்னிக்கு யாரு என்ன எழுதியிருக்காங்க, படின்னு வந்து உக்காந்துடுவாங்க."

"இனிமே இந்த வீட்டுல உனக்கு..."

"நாளைக்கே போயிடறேன். இப்ப சாவியக் குடுங்க."

மூத்தவர் அவள் புருஷனை, தன் தம்பியைப் பார்த்தார். தம்பி வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். பிறகு தரையிடமே சொல்வதுபோல, "குடுத்துடுண்ணா," என்றார்.

சாவியைக் கையில் கொடுக்க மூத்தவருக்கு மனம் வரவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். அவள் எடுத்துப் போய்க் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

முதலில் வந்த கிழவி வாசற்படியில் தயங்கினாள். "செருப்ப எங்கம்மா விடட்டும்?"

படியை அடைத்துக்கொண்டு மூத்தவரின் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ இருந்தது. சின்ன மருமகள் அதைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

"இங்க விடுங்க."