பேனரில் இரண்டு தாய்மாமன்

எறையூர் பக்கத்து அய்யனார் கோயிலுக்குத் திரும்புகிற முக்கில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பரிமளா முதலில் பார்த்தது அந்த ஃப்ளெக்ஸ் பேனரைத்தான். கரும்புக் கொல்லையை மறைத்துக்கொண்டு பத்தடி உயரத்துக்கு நின்றது. அவள் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி, பின்னால் ஒரு சிங்கத்தையும் நிறுத்தியிருந்தான் பேனர் அடித்தவன். அதெல்லாம் எல்லா வீட்டுக் காதுகுத்திலும் நடக்கிற கூத்து. அவள் நின்றது அதற்காக அல்ல.

மகள் இலக்கியாவின் படத்துக்குக் கீழே 'தாய்மாமன்: ராஜவேல், ஜெயங்கொண்டம்' என்று போட்டிருந்தது. மகன் கலையரசனின் படத்துக்குக் கீழே 'தாய்மாமன்: அஜித்குமார், வேப்பந்தட்டை' என்று போட்டிருந்தது.

பரிமளாவுக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன்தான், ராஜவேல். அஜித்குமார் என்பவன் அவளுடைய ஓரகத்தி தேவயானியின் தம்பி. அதாவது அவள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டியின் தம்பி. ஒரே வயிற்றில், ஒரே நாளில், பதினொரு நிமிஷ இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாய்மாமன் எங்கிருந்து வருவான்? கடைக்காரன்தான் பெயரை மாற்றிப் போட்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள். நல்லபடியாக நினைப்பது அவளுக்குப் பழக்கம். அதை வைத்துத்தான் அந்த வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள்.

புருஷன் சின்னதுரையிடம் கேட்டாள். அவன் சிங்கப்பூரிலிருந்து இருபது நாள் லீவில் வந்திருந்தான். வம்பு வருகிற வாசம் அடித்தால் உடனே எதையாவது தூக்கி வேறு இடத்தில் வைக்க ஆரம்பிக்கிற ஆள். அப்பாதான் மேட்டர் எழுதிக் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாமனார் செல்லமுத்து கிடாக்கறி வேகிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். நல்ல நேரம் ஒன்றரை மணி நேரம்தானாம். ஒரே மடியில் ஒன்று மாற்றி ஒன்றாக வைத்துக் குத்தினால் இரண்டாவது பிள்ளைக்கு நேரம் தவறிப் போகுமாம். அதனால் இரண்டு மடி வேண்டுமாம். உனக்கோ ஒரே தம்பி, வேறு யாரைப் போடுவது, தேவயானி தம்பியும் பிள்ளைக்கு மாமன் முறைதானே என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பரிமளா தலையை ஆட்டிவிட்டு மொட்டை போடுகிற இடத்துக்குப் போனாள். போகிறபோதே அந்தப் பேனரை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

தாய்மாமன் மடி என்பது சும்மா உட்கார வைக்கிற இடம் இல்லை. எவன் மடியில் வைத்துக் காது குத்துகிறார்களோ, அவனுடைய அக்காள் தங்கச்சி பெற்ற பிள்ளை அது என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்கூட நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகலாம். மாமன் மடியைப் பார்த்த முந்நூறு பேரை எந்தக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது?

மொட்டை போட்டு, குளிப்பாட்டி, சந்தனம் பூசினார்கள். இலக்கியா பரிமளாவின் இடுப்பில் இருந்தாள். கலையரசன் தேவயானியின் இடுப்பில் இருந்தான். அப்போது மேளச்சத்தம் கேட்டது. அஜித்குமார் சீர் கொண்டு வந்தான். ஐம்பத்தொரு தாம்பாளம், ஆளுயர மாலை, முன்னால் சரவெடி. மைக் பிடித்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தான். தங்கராசு தேவயானி தம்பதியரின் அருமை மகன் கலையரசனுக்குத் தாய்மாமன் சீர் வருகிறது, உறவினர்கள் வழிவிடவும்.

கடைக்காரன் தவறாகப் போடவில்லை. மைக் பிடித்தவனும் உளறவில்லை. எல்லோரும் சொல்லிவைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்த நேரம் அதுதான். தங்கராசு அவள் புருஷனின் அண்ணன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அவளுடைய பிள்ளையை அவள் கண்ணெதிரே, அவள் பிள்ளைகளின் காதுகுத்திலேயே, மேளம் அடித்துத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் தம்பியைத் தேடினாள். ராஜவேல் ஜெயங்கொண்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி வந்தவன். அவனுக்கு மேளம் வைக்க வசதி இல்லை. ஒன்பது தாம்பாளம்தான். ஆனால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கியிருந்தான். இரண்டு ஜோடித் தோடு, இரண்டு சட்டைத்துணி, இரண்டு ஜோடிக் கொலுசு. அதில் ஒரு பங்கு இப்போது துண்டு போட்டு மூடிப் பந்தல்காலுக்குப் பின்னால் கிடந்தது. பையனுக்கு உள்ளதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார்களாம். பரவாயில்லை விடுக்கா, விசேஷ வீட்டில் எதற்குச் சண்டை என்றான். பரிமளாவுக்கு அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. தன்னைப் போலவே ஒருத்தனைத் தம்பியாகப் பெற்றுவிட்டாளே அம்மா என்று வந்த கோபம் அது.

நேராகப் பந்தலுக்கு நடுவில் போனாள். அங்கே இரண்டு ஜமுக்காளம் விரித்திருந்தது. ஆசாரி ஊசியையும் தோட்டையும் மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லமுத்து மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் பிள்ளைக்கு என் தம்பி மடிதான் என்று பரிமளா சொன்னாள். குரல் உயரவில்லை. அதனாலேயே பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

செல்லமுத்து சிரித்தார். அவளைக் குழந்தையாக நினைத்துச் சிரித்த சிரிப்பு அது.

"தவிட்டுக்கு வாங்குன புள்ளம்மா அது. நீதான் ஒங் கையால மொறத்துல போட்ட. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. கலையரசன் மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோது மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, பிழைத்து வந்தான். பெற்றவளிடம் இருந்தால் தங்காது, இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் கண்டம் கழியும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தேவயானி ஒரு படித் தவிடு கொண்டு வந்து கொட்டினாள். பரிமளா பிள்ளையை முறத்தில் வைத்து நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பிள்ளையை அவளிடமே கொடுத்து, என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு என்று தேவயானி சொன்னாள். எந்த ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். சாமியை ஏமாற்றச் செய்கிற விளையாட்டு. சாமியை விட்டுவிட்டு இவர்கள் பெற்றவளை ஏமாற்றப் பார்த்தார்கள்.

"அந்தத் தவிட்ட அன்னிக்குச் சாயங்காலமே எருமைக்குக் கரைச்சு வச்சீங்க மாமா. புள்ளைய நான் தூக்கிப் பால் குடுத்தேன். எருமையப் போயிக் கேளுங்க, அது வேணா சாட்சி சொல்லும்."

யாரோ பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். செல்லமுத்துவின் முகம் கறுத்தது. மாமனாரை எதிர்த்து அந்த வீட்டு மருமகள் யாரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டார். ஒத்துக்கொண்டவன் நீதானே, வந்து உன் பெண்டாட்டிக்குச் சொல்லு என்றார்.

பரிமளா சட்டென்று புருஷனைத் தேடித் திரும்பினாள். அதுவரை இதெல்லாம் மாமனார் வேலைதான் என்று நினைத்திருந்தாள். சின்னதுரை ஒரு தண்ணீர் கேனைத் தூக்கியபடியே வந்து நின்றான். அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. மெல்லிய குரலில், அவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலச் சொன்னான்.

"அண்ணன் போன்ல கேட்டுச்சு. நமக்குத்தான் ரெண்டு இருக்குல்ல, ஒரே வூடுதானன்னு சரின்னுட்டேன். பக்குவமா ஒங்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."

இரண்டு இருக்கிறதாம். முருங்கை மரத்தில் காய் அதிகமாகக் காய்த்தால் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொடுப்பது போலச் சொன்னான். ஏழு மாதத்துக்கு மேல் மல்லாந்து படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூங்கிச் சுமந்தவள் அவள். பிறந்த பிறகு ஒன்று பால் குடித்து முடிக்கும்போது மற்றது எழுந்து அழும். ஒன்றுக்குக் காய்ச்சல் விட்டால் மற்றதுக்கு வரும். அப்போதெல்லாம் இவன் வீடியோ காலில் இரண்டு பேரையும் சேர்த்துக் காட்டு, சேர்த்துக் காட்டு என்று கேட்டவன். பரிமளா இடுப்பிலிருந்த மகளை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிறகு தேவயானியின் இடுப்பில் இருந்தவனைக் கைகாட்டினாள்.

"ரெண்டுல எது மிச்சம்னு சொல்லு. சொல்லிட்டு எடுத்துட்டுப் போயி ஒங்க அண்ணங்கிட்டக் குடு."

கல்யாணமான நாளிலிருந்து ஏங்க, வாங்க என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்த 'ங்க' எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை. சின்னதுரை தண்ணீர் கேனைக் கை மாற்றிப் பிடித்தான். தங்கராசு கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து, யாரோ அழைத்த மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தவள் தேவயானி. பரிமளா அவள் பக்கம் திரும்பினாள். அவள் மேல் ஆத்திரம் இருந்தது. ஆனால் முழுசாக ஆத்திரப்படவும் முடியவில்லை. பரிமளா இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய ஆறு மாதம் கலையரசனைத் தன் பக்கத்தில் போட்டுத் தூங்க வைத்தவள் அவள்தான். அவனுக்குச் சளி பிடித்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று டாக்டர் கேட்டால் தேவயானிதான் சொல்வாள். அந்த உதவியை வாங்கும்போது கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டவள் பரிமளா. அது அவளுக்கே தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

தேவயானி தலை நிமிரவில்லை.

"தெரியும். ஒன்னயக் கேட்டாச்சு, நீயும் சரின்னுட்டன்னு சொன்னாங்க. நானே ஒரு வார்த்த ஒன்னயக் கேட்டிருக்கணும். கேட்டா இல்லன்னுருவியோன்னு பயந்துகிட்டுக் கேக்கல."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த பிள்ளையை எடுத்து நீட்டினாள். அவளாக நீட்டினாள், யாரும் பிடுங்கவில்லை. பரிமளா வாங்கிக்கொண்டாள். ஆளுக்கொரு இடுப்பாக இரண்டு பிள்ளையோடு போய், பந்தல்கால் ஓரம் நின்ற தம்பியை ஜமுக்காளத்தில் உட்காரச் சொன்னாள். அவன் செல்லமுத்துவையும் சின்னதுரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்குற? ரெண்டு தொட இருக்குல்ல ஒனக்கு? ஒக்காரு."

உட்கார்ந்தான். வலது தொடையில் ஒன்று, இடது தொடையில் ஒன்று. அஜித்குமார் மேல் அவளுக்குக் கோபமில்லை. வரச் சொன்னார்கள், வந்தான். பெரியம்மா வீட்டுச் சீர் என்று வைத்துவிட்டுப் போப்பா, வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாள். இப்படி நடந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று செல்லமுத்து ஆரம்பித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணிதான் இருக்கிறது, குத்தவா எழுந்திரிக்கவா என்று ஆசாரி கேட்டார். யாரும் எழுந்திரிக்கச் சொல்லவில்லை.

இலக்கியாவுக்கு முதலில் குத்தினார். அவள் அழுத அழுகைக்கு மேளக்காரர் தோற்றார். அம்மா அம்மா என்று பரிமளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்து கலையரசன். முதல் காதுக்குத் திகைத்துப்போய் வாயைத் திறந்தபடி இருந்தான். இரண்டாவது காதுக்கு ஊசி இறங்கியதும் வீறிட்டான். பரிமளா கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு, உடம்பை வளைத்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தான்.

"ம்மா."

தேவயானியைப் பார்த்துச் சொன்னான். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்து, நான் சொன்னேனே என்கிற முகத்தோடு நின்றார். தேவயானி ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிள்ளை மூச்சுத் திணற அழுதான். காது மடலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சந்தனத்தில் இறங்கியது.

பரிமளாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவள் பிள்ளை, அவள் தம்பி மடியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறான். அது ஒரு கோபம். கூப்பிட்டும் அந்த இன்னொருத்தி போகாமல் நிற்கிறாள். அது அதைவிடப் பெரிய கோபம்.

"புள்ள அழுவுறான்ல? மரமாட்டம் நிக்கிற? வந்து தூக்குக்கா. ஒன்னயத் தூக்கக் கூடாதுன்னு நான் சொன்னனா?"

தேவயானி ஓடி வந்து தூக்கினாள். தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினாள். அவனுக்கு விக்கல் எடுத்தது. அவள் அவன் மொட்டைத் தலையில் வாயை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பெரியம்மா இருக்கேன்டா. அழுவாத. பெரியம்மா வந்துட்டேன்."

அந்தச் சொல்லை அவள் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்தும் பரிமளா அதைக் கேட்டதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நினைத்து இலக்கியாவின் சட்டையை இழுத்துவிட்டாள்.

சின்னதுரை அப்போதுதான் தண்ணீர் கேனைக் கீழே வைத்தான். எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று நினைத்து முகம் மலர்ந்து அவள் பக்கத்தில் வந்தான். சாப்பிடப் போகலாமா என்று கேட்டான். பரிமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்கிட்ட நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மொதல்ல சாப்புடு."