பாஸான வீடியோ

இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகளை மேய்த்துவிட்டு, வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே பயிற்சி தரும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் என்னைச் சித்தப்பா என்றார்கள். நானும் அந்த உறவுக்குரிய மிதப்போடுதான் திரிந்தேன்.

இறுதித் தேர்வு ஒரு வீடியோ. குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்து, அது பேச்சிலோ சைகையிலோ தானாக ஒன்றைக் கேட்பதைப் படம்பிடிக்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து.

எனக்கு வாய்த்தவள் பேச்சு வராத மூன்று வயதுக்காரி. பிடித்த பொம்மையை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கேட்கிறாளா என்று கொஞ்ச நேரம் பார்ப்பதுதான் முறை. அதிகப்பிரசங்கி நான், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். தாகம் கையை நீட்ட வைக்கும் என்று கணக்கு.

நீட்டவில்லை. பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மாதான் எழுந்து எழுந்து, நான் கைகாட்டியதும் உட்கார்ந்தார். நீங்களாகக் கொடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளைக்குக் கேட்க வரவில்லை என்று போன வாரமே அரை மணி நேரம் உபதேசம் செய்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீடியோவில் குரல் விழும் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மூன்று நிமிஷம் கழித்துக் குழந்தை கையைத் தூக்கி அழுதது. ‘கேட்டாள்’ என்று குறித்துக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதைப் போட்டபோது பேராசிரியை பாதியில் நிறுத்தினார். அம்மாவின் முட்டியை மட்டும் பாருங்கள் என்றார். குழந்தை அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். எண்ணினோம். ஒன்பது தடவை. ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா எழுந்திருக்கிறார், நான் உட்கார வைத்திருக்கிறேன்.

“முதல்ல இருந்தே கேட்டுட்டுதான் இருக்கா. உங்ககிட்ட கேக்கல, அவ்வளவுதான்” என்றார் பேராசிரியை. பிறகு மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, தானாகக் கேட்டது பதிவாகியிருப்பதால் நான் பாஸ் என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. அன்று யாரும் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்க மறுநாளே அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன் சார். முட்டியைத் தட்டினா திரும்பியே பாக்கறதில்ல. இப்ப அந்தப் பழக்கத்தையே விட்டுட்டா.”

பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

“நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேம்மா” என்றேன்.

“படிச்சவங்க எப்பவும் இப்படித்தான் தன்னடக்கமா பேசுவீங்க” என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.