ஒரே உருண்டைக்கு இரண்டு பெயர்

நானும் அண்ணியும் ஒரே உருண்டையில்தான் சுரண்டினோம். மரபணுச் சோதனையில் என் குப்பிக்கு ஓர் இனமும் அவள் குப்பிக்கு வேறோர் இனமும் வந்து நின்றன. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. இந்த ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். வீட்டில் ஒரே சமையலறை, இங்கே ஒரே மேஜை. விடிந்தால் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க வேண்டும் என்பது எங்கள் தலையெழுத்து.

உருண்டை என்று நாங்கள் சொல்வது ஒரு சிவப்புப் பாசி. சுண்ணாம்பை உடம்பில் ஏற்றிக்கொண்டு கல்லாக இறுகிவிடும். எதிலும் ஒட்டாமல், அலை புரட்டுகிற பக்கமெல்லாம் புரண்டு, எல்லாப் பக்கமும் வெளிச்சம் வாங்கி வளரும். கண்ணால் பார்த்து இனம் சொல்லலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். முள்ளுமுள்ளாக ஒன்று, மொழுமொழுவென்று ஒன்று, இரண்டும் ஒரே இனமாக இருக்கும். அச்சில் வார்த்தது போன்ற இரண்டு வேறு வேறாக இருக்கும். அதனால் ஒவ்வொரு உருண்டையையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சுரண்டி, தூளைக் குப்பியில் போட்டு அனுப்புவோம். முடிவு ஒத்துப்போனால்தான் பெயர்.

"ரெண்டுல ஒண்ணு தப்பு. யார் சொதப்பினதுன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அவங்க ஒப்பந்தத்தை நான் நீட்டிக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டார் ஆய்வுக்கூட டைரக்டர்.

அன்று சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்தேன். "பேர் ஒட்டும்போது நீங்க குப்பியை மாத்தியிருப்பீங்க, அண்ணி."

"இத்தனை வருஷமா ஒட்டறேன். நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்றியா?"

நடுவில் மாட்டிய என் கணவர் தட்டைவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணி ஒத்துக்கிட்டாங்க. பழைய பிளேடைக் கழுவாம சுரண்டிட்டாங்களாம். நீங்க வேலையைப் பாருங்க."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்குப் புது பிளேடை உறை பிரித்து அவள் கையில் கொடுத்ததே நான்தான். எதற்கு இந்தப் பொய்?

ஆத்திரத்தில் உருண்டையை எடுத்து ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுத்தேன். நடுவில் ஒரு சிப்பித் துண்டு, அதைச் சுற்றி வெள்ளை வளையங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒரு பக்கத்தில் மட்டும் தலைமுடி போல ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே இருந்தது வேறு மாதிரி வளர்ந்திருந்தது. இரண்டு இடத்திலும் சுரண்டி, அவசரம் என்று எழுதி மறுபடி அனுப்பினேன். மறுநாளே இரண்டு பெயரும் வந்தன. ஒரு பாசியின் முதுகில் இன்னொரு பாசி பாதி தூரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் சுரண்டியிருக்கிறோம்.

அண்ணி தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அறுத்த பாதியை அவள் கையில் திணித்தேன்.

"நீங்க எடுத்ததும் சரி, நான் எடுத்ததும் சரி. ரெண்டு இனம் ஒண்ணா வளர்ந்திருக்கு. யார் மேலயும் தப்பில்ல."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. "அப்போ நீ குப்பியை மாத்தலையா?"

"நானா?"

"நீதான்னு நினைச்சேன்டி. சேர்த்துவிட்ட நானே உன்னை வெளிய அனுப்பறதான்னு மனசு கேக்கல. அதான் என் மேல போட்டுக்கிட்டேன்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எனக்காக வேலையையே விட்டுக்கொடுத்தவள், தப்பு என்னுடையது என்பதில் மட்டும் துளிச் சந்தேகம்கூடப் படவில்லையே! கட்டிக்கொள்வதா, சண்டை போடுவதா?

"முதல்ல எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்க" என்று கத்தினேன். "டைரக்டர்கிட்ட நான் பேசறேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."