திருச்செங்கோட்டு சர்வரைத் தடுத்தவர் யார் என எழுத முயன்றமை

1

மதிப்பிற்குரிய வாசகர்களே, கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். நாமக்கல் பகுதி ஆசிரியர்களுக்காக ஒரு சமூக வலைத்தள சர்வர் நடத்துகிறேன். இவ்வகைத் தளத்துக்கு ஒரே முதலாளி கிடையாது. ஆங்காங்கே தனித்தனி சர்வர்கள். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். ஒரு சர்வர் இன்னொன்றை அடியோடு தடுக்கவும் செய்யலாம். தடுத்தால் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பின்தொடர்வது அறும், மடலும் போய்ச் சேராது. கதை அங்கிருந்துதான் பிறந்தது.

2

முதல் தொடக்கம்: “திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளர்களின் சர்வர் தடுக்கப்பட்டது.”

(யாரால் என்று கேட்பீர்கள். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக…”

(பொய்.)

மூன்றாவது: நான் தடுத்தேன்.

ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடும் அவர்கள் இந்த வாரம் சத்தீஸ்கரில் இருப்பார்கள், அடுத்த வாரம் ராஜஸ்தானில். ஆனால் எல்லோரும் இடுவது ஒரே படம்: பீறிடும் தண்ணீர். இயந்திரக் கணக்குகளோ என ஐயுற்று, அந்த சர்வரின் நிர்வாகி சடையனுக்கு எழுதினேன்: “தங்கள் உறுப்பினர்களின் மானிடத்தன்மை குறித்து அருள்கூர்ந்து தெளிவுறுத்தின் பேருவகை எய்துவோம்.” நான்கு நொடியில் பதில்: “ரொம்ப சந்தோசங்க சார், கண்டிப்பா வந்துர்றோம்.” என் ஐயம் உறுதியாயிற்று.*

* சடையன் பின்னர் விளக்கினார்: “கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுட்டனுங்க.”

3

அமுதவல்லி, சேந்தமங்கலத்தில் கணித ஆசிரியை. (அழுபவராக எழுதிப் பார்த்தேன், அவர் ஒத்துழைக்கவில்லை.) அண்ணன் வெள்ளியங்கிரி ரிக்கில் துளையிடும் டிரில்லர், சடையனின் சர்வரில் உறுப்பினர். ஒரு வாய்ச்சண்டைக்குப் பின் அவர் தங்கையின் போனை எடுப்பதில்லை. அமுதவல்லியின் மகள் மோனிஷாவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது வழக்கம். எனவே என் சர்வரிலிருந்து அண்ணனிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் இல்லை. காதுகுத்து, அமுதவல்லியின் சித்தப்பா மகன் மடியில் முடிந்தது. மறுநாள் என்னை அழைத்தார்.

“ஏனுங்க சார், அந்த ரிக்காரங்க நம்மளத் தடுத்துட்டாங்களா? பாத்துச் சொல்லுங்க.”

ஒவ்வொரு சர்வரும் தான் தடுத்தவற்றின் பட்டியலைப் பொதுவில் வைக்கலாம். அவர்கள் வைத்திருந்தார்கள். அது காலி.

“இல்லீங்க டீச்சர்.”

“அப்ப நம்ம பட்டியல்ல?”

[இவ்விடத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டதாக எழுதினேன். நீக்கிவிட்டேன்.]

“நான்தானுங்க தடுத்தேன்.”

“ஏனுங்க, பொறந்ததுல இருந்தே நான் மூணு மன்னிப்புத்தானுங்க கேட்டிருப்பேன்! அத்தனையும் உங்க வாசல்லயே நின்னு போச்சுங்களா?”

4

தடையை நீக்கினேன். ஆனால் நின்றுபோன மடல்கள் தாமாகப் போய்ச் சேர்வதில்லை.

முடிவு ஒன்று: அமுதவல்லி மறுபடியும் எழுதுகிறார். (“நாலாவது தடவ கேக்க மாட்டனுங்க. நீங்க கேளுங்க,” என்றுவிட்டார்.)

முடிவு இரண்டு: நான் வெள்ளியங்கிரிக்கு எழுதுகிறேன். இம்முறை ஒரே வரி: “உங்கள் தங்கை மன்னிப்புக் கேட்டார், நான் தடுத்துவிட்டேன்.” அனுப்பி இரண்டு நாளாகிறது. அவர் என்ன செய்வார் என்பதைத் தாங்களே முடிவு செய்தருள வேண்டும். நான் அறிந்த இழப்புகள் இவை மட்டுமே:

அறுந்த பின்தொடர்வுகள்: நாற்பத்தேழு.

போய்ச் சேராத மன்னிப்புகள்: மூன்று.

மோனிஷா உட்காராத மடி: ஒன்று.