மதியின் மாத்திரைக்கு ஒரு டெஸ்ட் லிப்ட்

மதிக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பெஞ்சுக்கடியில் ஊர்ந்துபோய் டீச்சரின் செருப்பை இடம் வலம் மாற்றி வைப்பாள். டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யாவிட்டால் அடுத்த வருஷம் சேர்க்க மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். காலடிப்பேட்டை டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்தார். தினம் ஒரு மாத்திரை என்று எழுதினார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு மதியின் அம்மா ரமாபாயிடம் கேட்டார்: "யாருக்கும்மா? இது மனநோய் கீற பெருசுங்களுக்குக் குடுக்கறதாச்சே."

ரமாபாய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் போட்டு, கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். டில்லிபாபு துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிறவர். எடை தெரியாத சரக்கை ஒரேயடியாக மேலே ஏற்ற விடமாட்டார். முதலில் ஒரு அடி தூக்கி நிறுத்தச் சொல்வார். சங்கிலி தாங்குகிறதா, சரக்கு சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே.

"கொயந்தைக்கு இப்போ குடுக்காதே. டெஸ்ட் லிப்ட் என் மேல போட்டுப் பாக்கலாம்."

"யோவ், நீ தொண்ணூறு கிலோ. அது இருவத்திரண்டு. இன்னா டெஸ்ட்டு இது?"

"பெரிய சங்கிலியே தாங்கலேன்னா சின்னது எப்டி தாங்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியோடு விழுங்கினார். பதினோரு மணிக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனார். தண்ணீர் வழிந்து தெருவுக்கு வந்தது.

"அண்ணே, கொடம் ரொம்பிச்சு, நவுரு" என்றாள் பின்னால் நின்ற ரஹீமுன்னிசா.

டில்லிபாபு கண்ணைத் திறக்காமல் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினார். கிரேனுக்கு அது 'தூக்கு' என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் ஐந்து பெண்கள் அவரைத் தூக்கிவந்து வீட்டில் போட்டார்கள்.

மதிக்குக் கொண்டாட்டம். அப்பாவின் மீசையில் ரிப்பன் கட்டினாள். வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து கிரேன் ஓட்டினாள். சாயங்காலமாகியும் அவர் எழுந்திருக்காததால் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அவள் அசையவில்லை.

"அம்மா, நைனா செத்துப்பூட்டாரா?"

"கொறட்டை கேக்கல?"

"எனுக்கும் இப்டித்தான் ஆவுமா?"

ரமாபாய் மாத்திரை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் மூவரும் டாக்டரிடம் போய்க் கடைக்காரர் சொன்னதைச் சொன்னார்கள். டில்லிபாபுவின் மீசையில் ரிப்பன் இன்னும் இருந்தது.

"அட்டையில போடாத வயசுக்கும் சில சமயம் குடுக்கறது உண்டுங்க. தப்பில்ல" என்றார் டாக்டர்.

"தப்புன்னு நான் சொல்லல சார். ஆர்பர்லயும் ஏடாகூடமான சரக்கு வரும். ஆனா இன்னா சரக்கு, எவ்ளோ எடை, எங்க எறக்கணும்னு ஒருத்தன் எழுதிக் கையெழுத்துப் போடுவான். அப்பால தான் என் விரலு மேல போவும். நீங்களும் எழுதிக் குடுங்க. எதுக்கு, எத்தினி நாளு, எப்போ நிறுத்தணும்."

டாக்டர் காகிதத்தை இழுத்தார். 'எதற்கு' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. 'வகுப்பில் உட்கார' என்று எழுதி, படித்துப் பார்த்து, அடித்தார்.

மூலையில் மதி எடை மிஷின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருவத்திரண்டு கிலோ டாக்டரு. ஒத்தக் கால்ல நின்னாலும் அதேதான் காட்டுது. அன்னிக்கி நீ என் எடைய பாக்கவே இல்ல."

டாக்டர் காகிதத்தைக் கசக்கினார். "மாத்திரை வேணாம். புதன்கிழமை வாங்க, ஒரு மணி நேரம் ஒதுக்கறேன். பாப்பாவோட பேசணும், டீச்சரோடயும் பேசணும். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லி ஸ்கூலுக்கு லெட்டர் தரேன்."

டில்லிபாபு விரலைக் கீழே காட்டிச் சுற்றினார். மதி மிஷினிலிருந்து இறங்கினாள்.

"லெட்டர வாங்கிகினு எந்திரிய்யா" என்றாள் ரமாபாய். "இங்க தூங்கிட்டின்னா தூக்கறதுக்கு ரஹீமுன்னிசா இல்ல."